காலி வாளியைத் தராசில் வையுங்கள்

எங்கள் நூலகத்தின் தமிழ்ப் பயனர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் போன மாதம் போன் செய்தார்கள். "மேடம், பழைய இன்ஸ்டாலரைத் தூக்கின கதையை நீங்களே எழுதித் தாங்க. நீங்கதானே எழுதினீங்க, நீங்கதானே நீக்கினீங்க. கொஞ்சம் ஜாலியா இருந்தா நல்லாயிருக்கும்" என்றார்கள். ஜாலியாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

நூலகம் என்றதும் புத்தக அலமாரியை நினைக்க வேண்டாம். மற்ற புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள எழுதி வைத்த ஒரு புரோகிராம் தொகுப்பு இது. ஊர்களில் பால் ஊற்றும் மையம் இருக்கிறதே, அங்கே ஒரு தராசும் கொழுப்புப் பார்க்கும் மிஷினும் இருக்கும். அவை காட்டும் எண்ணைக் கம்பி வழியாக வாங்கி, பில் போடும் புரோகிராமுக்குச் சரியாகக் கொடுப்பதுதான் எங்கள் நூலகத்தின் வேலை. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். வந்த திருத்தத்தைச் சேர்க்கவோ தள்ளவோ மூன்று பேருக்கு உரிமை இருந்தது. எங்கள் முதலாளி சீனிவாசுலு சார், பெங்களூரில் வேலை பார்த்த கார்த்திக் என்ற பையன், நான்.

என்னைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. சித்தூருக்குத் தெற்கே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். நைனா, எங்கள் அப்பா, அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் வெட்டப் போனவர். பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். ரேணிகுண்டா ரோட்டில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் ஒரு ஷெட்டில் பற்றவைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். புரோகிராம் எழுத அங்கே ஆள் இல்லாததால் நானே கற்றுக்கொண்டேன். திருச்சானூரில் வாடகை வீடு, ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போக வர, அப்படியே ரிட்டையர் ஆகிவிட்டேன். அவ்வளவுதான்.

சீனிவாசுலு சாரைப் பற்றித்தான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அவர் யாரையும் திட்டமாட்டார். பெண்களைப் "பங்காரு தல்லி" என்பார், தங்கமே என்று அர்த்தம். எதைக் கேட்டாலும் "அலாகேம்மா" என்பார். தெலுங்கில் அதற்கு 'அப்படியே ஆகட்டும்மா' என்று பொருள். கேட்டவர் சந்தோஷமாக வெளியே போவார். அதற்குப் பிறகு எதுவும் நடக்காது. லீவு கேட்டவள், சம்பளம் கேட்டவன், ஷெட்டுக்கு ஒரு கக்கூஸ் கேட்ட நாங்கள் எல்லோரும் அந்த அலாகேவை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள்தான். எதையும் முடியாது என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் வேலை தெரிந்தவர். அதையும் மறைக்கமாட்டேன். தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் டிபன் பாக்ஸைத் தானே கழுவித் துடைத்து, அன்றைக்கு மேஜைமேல் எந்தத் தராசு தயாராகி நிற்கிறதோ அதன்மேல் வைப்பார். மூடியைச் சாத்தி, கிளிப்பைப் போட்டு, கையை எடுத்துவிட்டு எண்ணைப் பார்ப்பார். அந்த டப்பாவின் எடை அவருக்கு மனப்பாடம். எண் சரியாக இருந்தால் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஒரு கிராம் மாறினாலும் அங்கேயே நிற்பார். "காலியாக இருப்பதை ஒழுங்காகக் காட்டாத தராசு நிறைந்ததை எப்படிக் காட்டும்" என்பார். நான் அவரிடம் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். அந்த நூலகத்தில் என் கையால் எழுதியதெல்லாம் அதை வைத்துத்தான்.

இப்போது இன்ஸ்டாலருக்கு வருகிறேன்.

நூலகத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது ஓடும் சின்ன புரோகிராம் அது. நீலத் திரை, வெள்ளை எழுத்து. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். தராசு எந்தக் கம்பியில் மாட்டியிருக்கிறது, மிஷின் எந்தக் கம்பெனி, ஊர் பெயர் என்ன என்று போகும். அதில் ஒரு இடத்தில் நின்று இப்படிச் சொல்லும்: "காலி வாளியைத் தராசில் வையுங்கள். வைத்த பிறகு எண்டர் அழுத்துங்கள்." பால் ஊற்றி எடை போட ஒவ்வொரு மையத்திலும் தராசுமேல் ஒரு எவர்சில்வர் வாளி நிற்கும். அதன் எடையைக் கழித்தால்தான் பாலின் எடை வரும். வாளி ஊருக்கு ஊர் மாறும். அதனால் அந்தக் கேள்வி.

முதலில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் மட்டும்தான் கேட்டது. எங்கள் பக்கத்து எல்லை ஊர் ஒன்றில் மையம் தொடங்கினார்கள். செல்வி என்று ஒருத்தியை அங்கே போட்டார்கள். இன்டர், அதாவது பிளஸ் டூ வரை படித்தவள், மகளிர் குழுவில் எல்லோரும் சேர்ந்து சொல்லி வந்தவள். நான்தான் மிஷின் வைக்கப் போனேன். திரையில் வந்த தெலுங்கைச் செல்வி படித்து, பால் ஊற்ற வந்து நின்ற ஜனங்களுக்குச் சத்தமாகத் தமிழில் சொன்னாள். வாளியை எடுக்கக் கையை நீட்டினாள்.

வரிசையில் நின்ற முனிரத்தினம் என்பவர், "ஏய், நில்லு. நீ வைக்கக் கூடாது. பாலு ஊத்தறவன் நானு, நான் வைக்கறேன் பக்கெட்ட" என்றார்.

"வெச்சிக்கோண்ணா. கீழ மேல பாத்து வை. உள்ள கல்லு கில்லு போட்டிருக்கப் போறேன்" என்றாள் செல்வி.

எல்லோரும் சிரித்தார்கள். முனிரத்தினம் வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு வைத்தார். "அழுத்து" என்று பத்துக் குரல் வந்தது. அவள் அழுத்தினாள். வெளியே மாட்டியிருந்த சிவப்பு எண் பலகையில் பூஜ்யம் வந்தது.

அது அந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. வாளி நசுங்கினால், மாற்றினால், கம்ப்யூட்டர் பழுதானால், காலையில் ஜனம் கூடியிருக்கும்போதுதான் இன்ஸ்டாலரை ஓட்டுவார்கள். செல்வி கேள்வியைப் படிப்பாள். அவள் வீட்டு ஆள் அல்லாத ஒருவர் வாளியை வைப்பார். ஜனம் அழுத்தச் சொல்லும். சுற்றுப்பட்ட ஊர்களிலும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பல ஊரில் மையம் நடத்துபவர்மேல் திருட்டுப் பட்டம் கட்டிச் சண்டை வரும். அந்தப் பக்கத்தில் வந்ததில்லை. கேள்வியை மிஷின் கேட்டது, பதிலை ஊர் சொன்னது. நடுவில் ஒளிக்க இடமில்லை. அதைப் பார்த்துத்தான் நான் தமிழிலும் கேள்விகளை எழுதிச் சேர்த்தேன்.

இன்ஸ்டாலர் பழசாகிப்போனது உண்மை. நான் அதைக் காப்பாற்றப் பார்த்தேன் என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பொய். நீக்க வேண்டும் என்று முதலில் சொன்னவள் நான். அது ஓட வேண்டிய அடிப்படை மென்பொருளையே செய்தவர்கள் கைவிட்டு வருஷக்கணக்கு ஆகிவிட்டது. கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, யாரும் படிக்கிற மாதிரி ஒரு மூலையில் எழுதி வைக்கும். எங்கோ வெளிநாட்டில் காப்பிக்கொட்டை எடை போடும் ஒருவர் எங்கள் நூலகத்தைப் பயன்படுத்தினார். அங்கே எல்லாம் தானாக ஏறும், பக்கத்தில் மனிதர் இருக்கமாட்டார். அவருடைய மிஷின் "காலி வாளியை வையுங்கள்" என்ற கேள்விமுன் நாள் முழுக்க நின்றுகொண்டிருந்ததாம். "எந்த வாளி?" என்று கேட்டு எழுதியிருந்தார். எனக்கே சிரிப்பு வந்தது.

ஆகவே நீக்கலாம். ஆனால் கேள்வியை நீக்கினால் பதில் எங்கிருந்து வரும்? ஒரு ஃபைலில் எழுதி வைக்கலாம் என்றார்கள். சரி. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். வாளி எடை எழுதியிருக்காவிட்டால் நூலகம் ஓடக் கூடாது. நின்றுவிட வேண்டும். பலகையில் எண்ணே வரக் கூடாது.

கார்த்திக் போனில் வந்தான். மரியாதையான பையன். அதுதான் அவனிடம் பிரச்சினை, சண்டை போட முடியாது.

"மேடம், இன்ஸ்டால் பண்ண உடனே ஓடணும். யூசர்ட்ட போய் கேள்வி கேக்கறதே ஃபெயிலியர்தான் மேடம். ஒரு டிஃபால்ட் வேல்யூ வச்சிடலாம். வேணுங்கறவங்க மாத்திக்கட்டும்."

"என்ன வேல்யூ வைப்ப?"

"ஸ்டாண்டர்ட் வாளி வெயிட் ஏதாவது."

"ஸ்டாண்டர்ட் வாளின்னு ஒண்ணு கிடையாதுப்பா. ஊருக்கு ஒரு கடையில வாங்கறாங்க."

"சுமாரா ஒண்ணு போடுவோம் மேடம். டாக்குமெண்ட்ல தெளிவா எழுதிடலாம்."

டாக்குமெண்ட். பால் ஊற்றும் ஊரில் இங்கிலீஷ் டாக்குமெண்டை யார் படிப்பார்கள் என்று கேட்டேன். தமிழிலும் போடலாம் மேடம், யாராவது வாலண்டியர் கிடைத்தால் என்றான்.

நான் சீனிவாசுலு சாரிடம் போனேன். அப்போது ஒரு பெரிய பால் கம்பெனி எங்களிடம் எக்கச்சக்கமான மையங்களுக்குச் சின்னப் பெட்டிகள் கேட்டிருந்தது. கீபோர்டு கிடையாது, திரை கிடையாது, கரண்டில் செருகினால் ஓட வேண்டும். கேள்வி கேட்கிற பெட்டியை அவர்கள் வாங்கமாட்டார்கள். பதில் இல்லாவிட்டால் நின்றுவிடுகிற பெட்டியையும் வாங்கமாட்டார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நாங்கள் பேசியது தெலுங்கில், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"நீ சொல்வது நூற்றுக்கு நூறு சரி, பங்காரு தல்லி. இப்போதைக்கு ஒரு எடையைப் போட்டு அனுப்பு. ஆள் போய் ஒவ்வொரு ஊரிலும் வாளியை வைத்துத் திருத்திவிடட்டும்."

"ஆள் போவாரா சார்? கட்டாயம்?"

"அலாகேம்மா."

எனக்குத் தெரிந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். தெரியும். எதிர்த்து எழுதினேன். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரு பக்கம், என் எதிர்ப்பு செல்லவில்லை. போட்ட எடை ஒரு பெரிய குளிரூட்டும் நிலையத்தின் தடித்த வாளியுடையது. ஊர் வாளிகள் அதைவிட லேசு. அதோடு கார்த்திக் இன்னொரு அழகு வேலையும் செய்தான். காலி வாளிக்குக் கழிக்கும்போது மைனஸ் வந்தால் பலகையில் அசிங்கமாகத் தெரிகிறதாம். மைனஸ் வந்தால் பூஜ்யம் காட்டு என்று ஒரு வரி சேர்த்தான். தராசு பொய் சொல்கிறது என்று காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே அடையாளம் அந்த மைனஸ்தான். அதையும் துடைத்துவிட்டான்.

கடைசியில் நீக்கும் வேலை. "நீ பெற்ற பிள்ளை, உன் கையாலேயே வழியனுப்பும்மா" என்றார் சார். அவர் எதிலும் தன் கையை வைக்கமாட்டார். நான் நீக்கினேன். நீக்கினது யார் என்ற இடத்தில் என் பெயர் நிற்கிறது. கீழே வரிசையாகக் கட்டை விரல் படம் போட்டு வாழ்த்தினார்கள். காப்பிக்கொட்டைக்காரர் கேக் படம் போட்டார்.

பெட்டிகள் போயின, செல்வியின் மையத்துக்கும் ஒன்று. ஆள் போகவில்லை.

சில மாதம் கழித்துச் செல்வி எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அந்தக் கேள்வி கேக்கற நீல ஸ்க்ரீனு எங்கக்கா போச்சி?"

"எடுத்துட்டாங்க செல்வி. ஏன்?"

"ஜனங்க அத்த போட சொல்லிக்கினு கீறாங்க. பாலு கொறையுதுன்றாங்க. நான் அத்த ஒளிச்சி வெச்சிட்டு புது பெட்டிய போட்டுக்கினு திருடறேனாம். முனிரத்தினம் அண்ணன் பொண்டாட்டி நேத்து ஒரே பால ரெண்டு சொம்புல பிரிச்சி எட்த்தாந்து ரெண்டு தபா ஊத்துச்சி. ஒண்ணா ஊத்தனா வர்றதவிட இன்னும் கொறஞ்சிப் போச்சி. நான் இன்னா பண்ணுவேன்? பக்கெட்டு காலியா இருந்தா பூஜ்யந்தான் காட்டுது."

இரண்டு முறை ஊற்றினால் இரண்டு மடங்கு குறைகிறது என்றால், ஊற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வெட்டு விழுகிறது. அப்படியென்றால் கோளாறு வாளி எடையில்தான். போனிலேயே தெரிந்துவிட்டது.

"பஞ்சாயிதி வெச்சிருக்காங்கக்கா. என்னை எடுத்துடணும்னு சொல்றாங்க. வேல போனா போவட்டும், திருடின்ற பேரோட போவ முடியாதுக்கா. என் பொண்ணு திருப்பதியில படிச்சிக்கினு கீது. அது இந்த ஊருக்கு வந்து போவணும்."

"எடையை இப்பவே மாத்த வேணாம், எதையும் தொடாத. நான் வரேன்" என்றேன்.

சாயங்காலம் பால் ஊற்றும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி சித்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் ஆட்டோ. மையத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது. பால் ஊற்ற வந்ததை விட வேடிக்கை பார்க்க வந்தது அதிகம்.

"கம்பெனிக்காரம்மா வந்துட்டாங்கப்பா. வழி வுடுங்க, ஒரு சேர எட்த்துப் போடுங்க" என்றார் முனிரத்தினம். "உக்காந்துதானே நம்ம பால துன்னணும்."

நான் உட்காரவில்லை. ஒரு லிட்டர் படியில் தண்ணீர் கேட்டேன். முனிரத்தினத்தையே வாளியை வைக்கச் சொன்னேன். பலகை பூஜ்யம் காட்டியது. தண்ணீரை ஊற்றச் சொன்னேன். முக்கால் கூட வரவில்லை.

"பாத்தியா" என்று ஒரு பெண் கத்தினாள்.

"எல்லாரும் பாருங்க. இது செல்வி பண்ணது இல்ல. இந்த வாளியோட எடைய எங்க தராசு கம்பெனி தப்பா எழுதி அனுப்பிச்சிருக்குது" என்றேன்.

லேப்டாப்பைப் பெட்டியில் மாட்டினேன். ஃபைலைத் திறந்தேன். தடித்த வாளியின் எடை அங்கே இருந்தது. ஊர் வாளியின் எடையைப் போட்டு, பெட்டியை அணைத்து எழுப்பினேன். மறுபடியும் ஒரு லிட்டர் தண்ணீர். இந்தத் தடவை சரியாக வந்தது. எனக்குள் ஒரு நிம்மதி. அது கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை.

முனிரத்தினம் லேப்டாப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோதானாம்மா? ஒரு நெம்பர தட்டுனா மாறிப்பூடுதா?"

"ஆமா."

"அப்ப யார் வோணா தட்டலாம்."

"பாஸ்வேர்டு வேணும்."

"பாஸ்வேர்டு யாராண்ட கீது?"

பாஸ்வேர்டு பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கராக ஒட்டி வந்திருந்தது. பெட்டி இருக்கும் அறையின் சாவி செல்வியிடம். நான் வாயைத் திறக்குமுன் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"இந்த ஃபைல யாரும் தொடல. பெட்டி வந்த நாள்ல இருந்து அப்படியேதான் இருந்திச்சி. தேதி இருக்குது, காட்டறேன்" என்றேன்.

"தேதிய மாத்த முடியாதா?"

முடியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். முடியும். தெரிந்தவர்கள் மாற்றலாம். பொய் சொல்ல எனக்கு வராது. "தெரிஞ்சவங்க மாத்தலாம். ஆனா செல்விக்கு அதெல்லாம் தெரியாது" என்றேன்.

"அவளுக்குத் தெரியாது. அவ பொண்ணு காலேஜில இன்னா படிக்குதாம்? கம்ப்யூட்டர்தானே?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதுவரை செல்வி தண்ணீர்ப் படியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது முன்னால் வந்தாள்.

"அண்ணா, என்னை இன்னா வேணா சொல்லு. என் பொண்ண இதுல இஸ்காத."

"நான் இன்னாத்த இஸ்தேன்? படிக்குதா இல்லியான்னு கேட்டேன்."

"மிச்சமான பாலு கேனோட பால் கம்பெனிக்குத்தானே போச்சி? நான் வூட்டுக்கா எட்த்துக்கினு போனேன்?"

அது உண்மை. ஊர் ஊற்றியதை விடக் குறைத்து எழுதியது பெட்டி. கேனில் பால் முழுக்கப் போனது. கூடுதலாக வந்த பாலைப் பற்றி வாங்கிய கம்பெனி ஒரு நாளும் கேட்கவில்லை. குறைந்தால் அன்றைக்கே ஜீப் வந்திருக்கும். ஆனால் இதைக் கூட்டத்தில் யார் கேட்கிறார்கள்? கூடுதல் பாலைச் செல்வி தன் புருஷன் பெயரில் ஊற்றியிருப்பாள் என்று ஒருவர் கண்ணால் பார்த்த மாதிரிச் சொன்னார்.

நான் எவ்வளவு சொன்னேனோ அவ்வளவும் அவளுக்கு எதிராகவே திரும்பியது. பழைய நீலத் திரை இருந்தால் முனிரத்தினமே வாளியை வைத்திருப்பார், ஊரே அழுத்தச் சொல்லியிருக்கும், நானும் தேவையில்லை, லேப்டாப்பும் தேவையில்லை. ஊர் கூடிச் செய்த வேலையை ஒரு ஃபைலுக்குள் ஒரு எண்ணாக அடைத்து, ஒருத்தி மட்டும் பூட்டித் திறக்கிற அறையில் வைத்துவிட்டோம். அதை நான் எல்லோர் கண் முன்னாலும் திறந்து, எவ்வளவு சுலபமாகத் திருடலாம் என்று பாடம் நடத்திவிட்டு வந்தேன். அன்று அந்த ஊருக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் சீனிவாசுலு சாரிடம் நின்றேன்.

"சார், பஞ்சாயத்துக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நீங்க வரணும். தப்பு கம்பெனியுடையது, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு ஒரே வரி சொன்னாப் போதும். நான் கம்பெனி ஆள், என் பேச்சு எடுபடல. நீங்க முதலாளி, உங்க வாயால உங்க தப்புன்னு சொன்னா நம்புவாங்க."

"எழுதித் தரவா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே, "எழுதினால் பால் கம்பெனி பார்க்கும். மற்ற மையங்களிலும் கேட்பார்கள்" என்றார்.

"கேட்கட்டும் சார். மற்ற மையத்திலயும் தப்புதானே. எழுத வேணாம், வந்து சொல்லுங்க. உங்க டிபன் பாக்ஸ எடுத்துட்டு வாங்க. அத அந்தத் தராசுல வச்சிக் காட்டுங்க. தினம் இங்க செய்யறதுதானே."

கழுவித் துடைத்த டப்பா அப்போது அவர் கைக்குப் பக்கத்தில் மேஜைமேல்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"அலாகேம்மா" என்றார்.

பஞ்சாயத்து அன்று மத்தியானம் டிபன் பாக்ஸ் வழக்கம்போலப் புதுத் தராசுமேல் ஏறியது. எண் சரியாக இருந்தது போலிருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு போனார். நான் மட்டும் மறுபடியும் போனேன். என்னைப் பேச விட்டார்கள். பேசி முடித்ததும் செல்வியை எடுத்துவிட்டார்கள்.

நூலகத்தின் பொதுப் பக்கத்தில், எல்லோரும் படிக்கிற இடத்தில், நடந்ததை முழுக்க எழுதினேன். ஊர் பெயர் இல்லாமல், ஆள் பெயர் இல்லாமல். கார்த்திக் மரியாதையாகப் பதில் போட்டான். தகவலுக்கு நன்றி, இது கோளாறு இல்லை, அமைப்பைச் சரியாகச் செய்யாததால் வந்தது, டாக்குமெண்டில் இந்த இடத்தில் விளக்கியிருக்கிறோம் என்று சுட்டி கொடுத்து, புகாரை மூடிவிட்டான். நான் திறந்தேன். அவன் மூடினான். நான் திறந்தேன். காப்பிக்கொட்டைக்காரருக்கும் எடை குறைந்து அவர் கத்தின பிறகுதான், எடை எழுதாவிட்டால் ஓடக் கூடாது என்ற வரியைச் சேர்த்தார்கள். நான் முதல் நாள் கேட்ட அதே வரி. சேர்த்தவனுக்குக் கட்டை விரல்கள் விழுந்தன. மைனஸையும் இப்போது காட்டுகிறது.

அந்த ஊருக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. செல்வி இடத்தில் ஒரு பெரிய வீட்டுப் பையனை உட்கார வைத்திருக்கிறார்கள். வாளி மாறினால் அவன் போன் செய்வான், திருப்பதியிலிருந்து ஒருவன் நெட் வழியாக எண்ணை மாற்றுவான். ஊரில் யாருக்கும் தெரியாது. யாரும் கேட்பதும் இல்லை. பெரிய வீட்டுப் பையனிடம் முனிரத்தினம் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

செல்வி இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள். மாம்பழக் காலத்தில் சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி. பெண் படிப்பை முடித்துவிட்டது, திருப்பதியிலேயே தங்கிவிட்டது. ஊருக்கு வருவதில்லை. நல்ல நாள் பெரிய நாளுக்குத் தாய்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

போன தடவை வந்தபோது திருச்சானூரில் என் வீட்டுக்கும் வந்தாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சிக்காதக்கா. அன்னிக்கி நீ வந்து சரி பண்ணாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மிஷினு ரிப்பேருன்னு சொல்லி நான் பாட்டுக்கு திட்டு வாங்கிக்கினு இருந்திருப்பேன். திட்டு வாங்கி எனக்குப் பழக்கந்தான். நீ தட்டி சரி பண்ண, அதுக்கப்புறந்தான் நான் திருடி ஆனேன்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் சொன்னது சரி.

இதை எழுதப் போகிறேன் என்று நேற்று அவளுக்குப் போன் செய்து கேட்டேன். பெயரை மாற்றிப் போடவா என்றேன்.

"யார் படிப்பாங்க?"

"கம்ப்யூட்டர் வேல பண்றவங்க. உங்க ஊர்ல யாரும் படிக்கமாட்டாங்க."

வேன் ஹாரன் கேட்டது.

"எம்பேர போடு. ஊரு பேரு வேணாம்."

மற்றவர்கள் பெயரையெல்லாம் மாற்றியிருக்கிறேன். அவள் பெயர் மட்டும் அவள் பெயர்தான்.

சீனிவாசுலு சாரிடம் நான் கேட்டது ஒரே வரி. பஞ்சாயத்தில் நானும் அதைத்தான் சொன்னேன், காதில் ஏறவில்லை. எங்கள் கம்பெனி சொல்லவில்லை. நூலகத்தின் மாற்றக் குறிப்பில் 'பழைய இன்ஸ்டாலர் நீக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே இடம் இருக்கிறது, அங்கேயும் யாரும் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளே, நீளம் என்று எதை வெட்டினாலும் இந்த வரியை வெட்டாதீர்கள்.

தராசில் தப்பு எங்களுடையது. செல்வி ஒரு சொட்டுப் பாலும் எடுக்கவில்லை.